ஆழம் பார்த்த கயிறு

மகன்,

பார்சலைப் பிரிக்கும்போது உள்ளே கல்யாணச் சட்டை இருக்கும் என்று நினைத்திருப்பாய். சட்டையும் இருக்கிறது, அடியில். மேலே சுருட்டி வைத்திருக்கும் கயிற்றைப் பார்த்து அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று யோசிக்காதே. கயிற்றை மேசையில் ஒரு பக்கமாக வைத்துவிட்டு முதலில் இதை வாசி. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியிலே "சரி விடுங்கப்பா" என்பாய். அந்த வார்த்தையைக் கேட்கிற பொறுமை இந்த வயதில் எனக்கு இல்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

பெண் வீட்டார் வந்து போனதை வைத்துப் போன கிழமை நீ என்னோடு கோபப்பட்டாய். "அவங்க எவ்வளவு பெரிய ஆளுங்கப்பா. கொழும்பிலருந்து வேன் பிடிச்சு நம்ம வீட்டுக்கு வந்து, நம்ம குடுத்த தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிருக்காங்க. நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசல. சிந்துஜா வீட்டுக்குப் போயி அழுதிருக்கா." இதைத்தானே சொன்னாய்? சிந்துஜா அழுததற்கு எனக்கு வருத்தம்தான். அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்த அன்று குசினிக்குள் தானாகவே போய்க் கோப்பைகளைக் கழுவி வைத்தாள், அதை நான் பார்த்தேன். ஆனால் பெரிய ஆளுங்க என்று சொன்னாய் பார், அந்த இடத்தில்தான் எனக்குத் தலை சூடாகிவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, ரயில் சீட்டுக் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாரே உன் வருங்கால மாமனார், சிவபாதம், அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவரும் அப்படித்தான் நடந்துகொண்டார். வருஷக்கணக்காக அவருக்குச் சட்டை தைத்தவன் நான். அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். உள்ளே ஒரு மடிப்புத் துணி வைத்துத் தைத்தால்தான் சட்டை நேராக நிற்கும். வாசலில் அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது முகம் தெரிவதற்கு முன்னாலேயே அந்தத் தோளைக் கண்டுகொண்டேன். நீ போனில் சொன்ன பெயரை வைத்து எனக்குச் சந்தேகம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எத்தனை சிவபாதம்.

முதலில் இருந்து சொல்கிறேன். நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன், அது உனக்குத் தெரியும். தையல் பழகி, மலையை விட்டு இறங்கி, ஆற்றோரத்தில் இருந்த பழைய டவுனில் சின்னதாக ஒரு கடை போட்டேன். ஆடிக் கலவரத்தில் தமிழன் கடை என்று அதை எரித்தார்கள். நான் காட்டு வழியாக மேலே ஏறித் தோட்டத்துக்கு ஓடிப்போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது மெஷினின் இரும்புக் கால் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அடுத்த கொஞ்ச காலத்தில் அணையைக் கட்டி முடித்துத் தண்ணீரை நிறுத்தினார்கள். எரிந்த கடை, எரியாத கடை எல்லாம் ஒன்றாக உள்ளே போனது. எரித்தவன் கடையும் என் கடையும் இப்போது ஒரே ஆழத்தில் என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் கண்டி மார்க்கட் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் துணி வெட்டுகிறவனாகச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் குட்செட் பஸ் நிலையத்தில் ஹுன்னஸ்கிரிய பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, அந்தப் பெரிய நீர்த்தேக்கத்தின் கரையில் தூண்டில் போடுவேன். என்ன மீன்? திலாப்பியாதான். நாங்கள் ஜப்பான் மீன் என்போம். ஒரு நாள் கடையில் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போது சிவபாதம் வந்தார். அரசாங்கக் கந்தோரில் கணக்காளர். காற்சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர் என் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது எங்க பிடிச்சனீர்?"

"டேமுல ஐயா. எங்க கடைக்கு மேல."

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவருடைய வீடு யாழ்ப்பாணத்துக் கடற்கரையில். சண்டையில் பாதை பூட்டி, ஊருக்குப் போக வழியில்லாமல் கண்டியில் ஒரு வாடகை வீட்டில் கிடந்தார். "கடலைப் பாத்து எவ்வளவு காலம் தெரியுமே. என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போம்" என்றார். அப்படித்தான் தொடங்கியது. நான் அவரை ஐயா என்பேன், நீங்கள் என்பேன். அவர் என்னை நீர் என்பார். அது அந்தக் காலத்தில் எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. கந்தோர்க்காரர் ஒருவர் என் பக்கத்தில் சேற்றில் உட்காருகிறாரே என்று பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெருமை மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அவர் வரும் வரைக்கும் நான் தூண்டிலைப் போட்டுவிட்டு வந்தது வரட்டும் என்று குந்திக்கொண்டிருக்கிற ஆள். அவர்தான் சொன்னார், மீன் இருக்கிற இடத்தைத் தேடிப் போக வேண்டும், மீன் நம்மைத் தேடி வராது என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சுருள் நைலோன் கயிறு கொண்டுவந்தார். கரையில் நின்று இரண்டு கையையும் முழுசாக விரித்தார். இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். அந்த இடத்தில் ஒரு முடிச்சு. பிறகும் கையை விரித்து இன்னொரு பாகம், இன்னொரு முடிச்சு. "எங்கட ஊரில கடலுக்குப் போறவை இப்பிடித்தான் ஆழம் பாக்கிறவை" என்றார். கயிற்றின் நுனியில் ஒரு ஈயக் கட்டி. நான் கடையிலிருந்து சிவப்பு வெட்டுத் துணி கொண்டுபோய் ஒன்று விட்டு ஒரு முடிச்சில் கிழித்துக் கட்டினேன், எண்ணுவதற்குச் சுலபமாக. அந்தக் கயிற்றில் என் பங்கு அந்தத் துணி மட்டும்தான். மற்றதெல்லாம் அவருடையது. அவர் உயரமான ஆள். நான் கையை விரித்தால் ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு எட்டாது.

இதைக் கவனமாக வாசி, ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் சோமா அக்கா என்று ஒரு சிங்களப் பெண் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் எங்களுடைய லொறி டியூப் ஒன்று கிடக்கும். காற்றடித்து மேலே பலகை கட்டி, அதில் ஒருவர் உட்கார்ந்து கையால் வலித்துக்கொண்டு போய், ஈயத்தைக் கீழே விடுவோம். சேறு என்றால் ஈயம் சத்தமில்லாமல் அமிழும். அங்கே மீன் நிற்காது. சுவர் என்றால் கயிற்றில் டொக்கென்று ஒரு தட்டு விரலுக்கு வரும். அங்கேதான் மீன். தண்ணீருக்குள் போன கடைச் சுவர்களில் பாசி பிடித்திருந்தது, ஜப்பான் மீன் அதை மேய வரும். ஈயத்தின் அடியில் ஒரு குழி செய்து அதில் சவர்க்காரம் அப்பி வைப்பார். கீழே என்ன இருக்கிறதோ அது ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை நான் இழுத்தபோது ஒரு கரித்துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. காய்ந்துபோன அரச மரத்தையும் மலையில் நின்ற மின்கம்பத்தையும் அடையாளம் வைத்துப் பார்த்தேன். என் கடை இருந்த இடம்தான். கரைக்கு வந்து காட்டினேன். அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "உம்மட கடையில இப்ப நல்ல யாவாரம் நடக்குது, பாரும்." சிரித்தோம். அப்படிச் சிரிக்க எனக்கு வேறு யாரும் இருக்கவில்லை.

பாண் துண்டைப் பிசைந்து உருட்டித் தூண்டிலில் கொளுவி, சுவருக்கு ஒரு முழம் மேலே நிற்கிற மாதிரி மிதப்பைக் கட்ட வேண்டும். ஜப்பான் மீன் கடித்தால் மிதப்பு கீழே போகாது, ஒரு பக்கமாக நகரும். நகர்ந்ததும் இழுத்தால் போச்சு. இரண்டாவது தடவை நகரும் வரை பொறுக்க வேண்டும். ஒரு நாள் நான் இழுத்த மீன் கைக்கு வந்ததும் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து குஞ்சுகள் பொலபொலவென்று என் உள்ளங்கையில் விழுந்தன. அது வாய்க்குள்ளேயே குஞ்சுகளை வைத்துக் காக்கிற சாதி. அவர் பதறிப்போனார். "பிள்ளையள் வாய்க்குள்ள கிடக்கு, விடும், விடும்" என்று என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். அப்படி இளகின மனம். அதையும் சொல்ல வேண்டும்தானே. கெட்டவன் ஒருவன் எனக்குக் கெடுதல் செய்திருந்தால் இவ்வளவு காலம் நெஞ்சில் வைத்திருக்க மாட்டேன்.

கரையோரப் புல்லுக்குள் மண்புழு போட்டால் பனையேறிக் கெண்டை வரும். யாரோ கீழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். கறுத்த சின்ன மீன், செவுளில் முள். தண்ணீரை விட்டு எடுத்தாலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரச் சாக்கில் போட்டால் வீடு வரும் வரை துடிக்கும், செவுளை ஊன்றித் தரையில் நகரும். உன் அம்மா அதைக் கண்டாலே "இத ஏன் கொண்டு வாறீங்க, பாவமா இருக்கு" என்பாள்.

நாங்கள் கடைசியாக மீனுக்குப் போன வருஷம் மழை இல்லை. தண்ணீர் இறங்கி எங்கள் சுவர்களெல்லாம் வெளியே தலை நீட்டின. மீன் ஆழத்தைத் தேடி அணைப் பக்கமாகப் போய்விட்டது. கொழும்பில் எங்கோ குண்டு வெடித்த வாரம். இந்தக் கிழமை வேண்டாம் ஐயா என்று நான்தான் சொன்னேன். "குண்டு வெடிச்சது கொழும்பில. மீனுக்குத் தெரியுமே? வாரும்" என்றார். சோமா அக்காவின் கடையிலிருந்து டியூப்பை எடுத்துக்கொண்டு அணைப் பக்கம் நடந்தோம். வழியில் ஒரு போர்டு. சிங்களத்திலும் இங்கிலிஷிலும் எழுதியிருந்தது. எனக்கு இரண்டும் வாசிக்க வராது. என்ன போட்டிருக்கு என்று கேட்டேன். "உது குளிக்கிற ஆக்களுக்கு" என்றார். மீன் எங்கே போகிறதோ அங்கே போகிறவனுக்குப் போர்டு கண்ணில் படாது. அது இரண்டு பேருக்கும் பொதுவான பைத்தியம். அதற்கு நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நான் டியூப்பில் நடுத் தண்ணீரில் இருந்தேன். முடிச்சை எண்ணி எண்ணி ஈயத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். கரையில் ஆமிக்காரர் நான்கைந்து பேர் வந்தார்கள். சிவபாதம் எழுந்து நின்று அடையாள அட்டையைக் காட்டுவது தெரிந்தது. கையை நீட்டி என்னைக் காட்டிப் பேசினார். சரி, ஐயா சிங்களத்தில் விளக்கிச் சொல்கிறார் என்று நான் நிம்மதியாக மறுபடியும் கயிற்றை இறக்கினேன். இறக்கினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கும். நிமிர்ந்து பார்க்கிறேன், அவர் ரோட்டுப் பக்கமாக ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு துவக்கை நீட்டி என்னைக் கரைக்குக் கூப்பிட்டார்கள்.

பொலிசில் கயிற்றை மேசை மேல் போட்டார்கள். அணைக்குப் பக்கத்தில் ஒரு தமிழன், கையில் முடிச்சுப் போட்ட கயிறு, முடிச்சில் சிவப்பு அடையாளம். மீன் பிடிக்கிறவனுக்கு முடிச்சு எதற்கு, யாருக்காக ஆழம் அளந்தாய் என்று கேட்டார்கள். அடித்ததை எழுதவில்லை, உனக்கு அது வேண்டாம். நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: கூட வந்த ஐயாவைக் கேளுங்கள், கந்தோரில் கணக்காளர், கயிறு அவருடையது. மூலையில் கிடந்த என் சாக்கு அசைந்தபோது ஒரு கான்ஸ்டபிள் பயந்து பின்வாங்கினார். தடியால் தட்டிக் கொட்டினார்கள். ஜப்பான் மீனெல்லாம் செத்துக் கிடந்தது. காலையில் பிடித்த பனையேறி ஒன்று மட்டும் சீமெந்துத் தரையில் செவுளை ஊன்றி நகர ஆரம்பித்தது.

பின்னேரம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் தைத்த வெள்ளைச் சட்டையோடுதான் வந்தார். பொலிஸ் பெரியவர் என்னைக் காட்டி, இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார். "தன்னே நே" என்றார். தெரியாது என்று அர்த்தம். கயிற்றைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அதற்கும் அதே பதில். நான் தரையில் உட்கார்ந்தபடி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன்: ஐயா, அவரைக் கையை விரிக்கச் சொல்லுங்கள். ஒரு முடிச்சிலிருந்து மறு முடிச்சுக்கு அவர் கை. என் கையை வைத்துப் பாருங்கள், எட்டாது. அவர் கையை வைத்துப் பாருங்கள். பெரியவர் சிரித்தார். தையல்காரன் பொலிசிலும் அளவெடுக்கிறான் என்றார். சிவபாதம் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. தெரியாது என்றதோடு அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். யாரும் மேலே கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்: "வத்தே மினிஹெக் வகே." தோட்டத்து ஆள் மாதிரி இருக்கிறது என்று. எங்களைக் கீழே வைத்துச் சொல்கிற வார்த்தை அது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருந்தவருக்கு அன்றைக்கு இருந்த பயம் எனக்கு விளங்கும், மகன். அந்த அட்டையே அப்போது ஒரு குற்றம். பயத்தில் ஒரு மனிதன் தெரியாது என்பான், நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் இந்தக் கடைசி வார்த்தை பயத்தில் வந்ததில்லை. அது ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது. என்னோடு பாணைப் பிய்த்துத் தின்ற காலமெல்லாம் உள்ளே இருந்திருக்கிறது. வெளியே போகும்போது அந்தப் பனையேறி அவர் வழியில் கிடந்தது. மிதிக்காமல், பார்த்து, காலை விலக்கி வைத்துப் போனார்.

மறுநாள் சோமா அக்கா அவளாகவே பொலிசுக்கு வந்தாளாம். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வருவார்கள், மீனுக்குத்தான் வருவார்கள், டியூப் என் வீட்டில்தான் கிடக்கும் என்று சொல்லியிருக்கிறாள். உன் கடையைப் பார்த்துக்கொண்டு இரு என்று துரத்திவிட்டார்கள். அவளுக்கு நான் யார்? ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணீர் குடிக்கிற ஒரு ஆள். கந்தோர்க்காரர் சொன்ன ஒரு வார்த்தைக்கு இருந்த பாரம் அவளுடைய நூறு வார்த்தைக்கு இருக்கவில்லை. என்னை வழக்கும் போடாமல், விடவும் செய்யாமல், இடம் மாற்றி இடம் மாற்றி வைத்திருந்தார்கள். இரண்டு தீபாவளி உள்ளேயே போனது.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. என்னைப் பிடித்த கிழமையே உன் அம்மா சிவபாதத்தின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். நல்ல வெயில் என்று குடை பிடித்துக்கொண்டு போனாளாம், உனக்காக. நீ அவள் இடுப்பில் இருந்தாய். பல் முளைக்காத பிள்ளை. கதவைப் பாதி திறந்துகொண்டு அவருடைய மனைவி சொன்னாளாம், "அவர் இல்லை. எங்களுக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை, போங்கோ." அவருடைய சப்பாத்து வாசலிலேயே கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா, கயிறு அவரோடதுன்னு" என்று கெஞ்சியிருக்கிறாள். கதவு சாத்திக்கொண்டது. இப்போது அந்தக் குடும்பத்துக்குத்தான் மருமகனாகப் போகிறாய். அன்றைக்கு வாசலில் நின்றதும் நீதான். உன் அம்மா இன்றைக்கு இருந்திருந்தால் அந்த மனுசியை நம் வீட்டுக்குள் நடக்க விட்டிருக்க மாட்டாள். எனக்குத்தான் துணிவு பத்தவில்லை, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

வெளியே வந்த பிறகு ஒரு தடவை கண்டி மார்க்கட்டில் அவரைக் கண்டேன். அவரும் கண்டார். வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பி, கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டார். கொஞ்ச நாளில் மாற்றலாகிக் கொழும்புக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கும் பயம் என்று வை. சண்டை முடிந்து எத்தனை வருஷம்? யார் அவரைப் பிடிப்பார்கள் இப்போது? ஒரு தபால் போட்டிருக்கலாம், ஒரு போன் எடுத்திருக்கலாம். வேண்டாம், ஒரு ஆளிடம் சொல்லியனுப்பியிருக்கலாம்.

நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பக்கத்து வீட்டுப் பையன்களோடு சேர்ந்து மூங்கிலில் தூண்டில் செய்துகொண்டு வந்து, "டேமுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று நின்றாய். நான் அதை வாங்கி முறித்து அடுப்பில் வைத்தேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எங்கப்பாவுக்கு என் மேல பாசமே இல்ல என்று அம்மாவிடம் சொல்லி அழுதாய். அவள் எனக்குச் சொன்னாள். அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையின் மனதில் நஞ்சைப் போடக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். வீட்டில் குளத்து மீன் சமைக்காததற்கும் எனக்கு வாதம் என்று ஒரு பொய். பார், நான் மூடி மூடி வைத்த நஞ்சு கல்யாணத் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவர்கள் வந்த அன்று புறப்படும்போது நீயும் சிந்துஜாவும் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். வாசல் கேற்றடியில் நானும் அவரும் தனியாக நின்றோம். அவர் வேன் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பழசு ஒண்டையும் பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ. அதுகள் சந்தோசமா இருக்கட்டும்."

சொல்லாதேங்கோ. அன்றைக்கு நீர், இன்றைக்கு நீங்கள். சம்பந்தி ஆனதும் மரியாதை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மடையன். அப்போதும் அவருக்கு வேண்டியிருந்தது என் வாயை மூடுவதுதான். நான் தலையைக் கூட ஆட்டவில்லை. அதைத்தான் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்றாய்.

மகன், இந்தக் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. சிந்துஜா நல்ல பிள்ளை. அவள் அப்பன் செய்ததற்கு அவள் பொறுப்பில்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாயோ அவனைத் தெரியாது என்று எந்த வாசலிலும், எந்த மேசைக்கு முன்னாலும் சொல்லாதே. பயம் வந்தால் வாயை மூடிக்கொண்டு நில். அது போதும்.

இப்போது அந்தக் கயிற்றைக் கையில் எடு. பழையதைப் பொலிசில் வைத்துக்கொண்டார்கள். இது நான் இந்தக் கிழமை செய்தது. அவருடைய தோள் அகலம், கை நீளம் எல்லாம் இன்னும் என் தலைக்குள் இருக்கிறது. கூட்டிப் பார்த்து முடிச்சுப் போட்டேன். ஒன்று விட்டு ஒன்றில் சிவப்புத் துணி. நுனியில் ஈயம், அடியில் குழி, குழியில் சவர்க்காரம். நீ கையை விரித்துப் பார், உனக்கும் எட்டாது. நீ என்னைப் போலத்தான் கட்டை.

இந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போவாய்தானே. சிந்துஜாவும் பக்கத்தில் இருக்கட்டும். சண்டை பிடிக்காதே, சத்தம் போடாதே. நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. கயிற்றை அவருக்கு முன்னால் வைத்து, "மாமா, இது என்ன?" என்று கேள். வேறொன்றும் கேட்காதே. இது ஆழம் பார்க்கிற கயிறு, இது என்ர கயிறு என்று உங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அவர் ஒரு தடவை சொன்னால் போதும். எனக்கு மன்னிப்பும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். நீ உடனே எனக்குப் போன் எடு. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவேன், மணவறையில் அவருக்குப் பக்கத்தில் உட்காருவேன், தட்டையும் அவர் கையிலிருந்து வாங்குவேன்.

அவர் கையைப் பின்னால் கட்டினார் என்றால் எனக்குப் போன் எடுக்க வேண்டாம். சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த் தாலியைக் கட்டு. போன மாசம் நீ வந்து தூங்கிக்கொண்டிருந்தபோது அளவு எடுத்தேன், சரியாகத்தான் இருக்கும்.

அப்பா